மருந்தா, அன்றையச் சம்பளமா? எங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தோட்ட நிர்வாகி அவர்களுக்கும், கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் இயக்குநர்களுக்கும்,

ஆபீஸ் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேலே மலாய், கீழே தமிழ். அதில் மூன்று விஷயம் இருக்கிறது. வேலை நேரத்தில் கிளினிக்குக்குப் போய் மருந்து சாப்பிட்டு வருகிறவரிடம் எம்சி, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு, இல்லையென்றால் அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும். காலையில் பட்டணத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்வந்த தோட்டத்து வேன் இனி ஓடாது. டிபி, அதாவது காசநோய், என்று தெரிந்தவர்கள், குணமாகிவிட்டது என்று கடிதம் கொண்டுவரும்வரை தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலும், வெளிநாட்டு ஆட்கள் சேர்ந்து தங்கும் கொங்சியிலும் தங்கக் கூடாது.

இதை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை, செம்பனைக் குலை மரத்திலேயே பழுத்து உதிர்கிறது, யாரோ ஒருவர் அடிக்கடி காலையில் காணாமல் போகிறார், அதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று யோசித்திருப்பீர்கள். ஆனால் இந்த மூன்று வரியும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை நான் வேறொரு நாட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு இங்கே சும்மா இருக்க முடியவில்லை.

நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகிற அந்தச் சாலையில் செம்பனை வெட்டிய ஒருவரின் மகள். டாக்டருக்குப் படித்து, சில ஆண்டுகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அப்புறம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் சேர்ந்து உஸ்பெகிஸ்தானின் மேற்கு மூலையில் இருக்கிற கரக்கல்பக்ஸ்தானுக்குப் போனேன். நுகுஸ் என்ற ஊர். ஏரல் கடல் வற்றிப்போன பகுதி, காற்றடித்தால் உப்புத் தூசி, பருத்திக் காடு, குளிர்காலத்தில் எலும்பு வரைக்கும் போகிற குளிர். அங்கே எனக்கு வேலை டிபி நோயாளிகளைப் பார்ப்பது, அதிலும் சாதாரண மருந்துக்கு அடங்காத டிபி. இப்போது ஊரோடு வந்து பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். டிபி மருந்து நான் கொடுப்பதில்லை, அது அரசாங்கக் கிளினிக்கின் வேலை, நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் லயத்து ஆட்கள் சாயங்காலம் என்னிடம் வந்துதான் பேசுகிறார்கள். அப்படித்தான் அந்த அறிவிப்பின் படம் என் கைபேசிக்கு வந்தது.

அந்தப் படத்தை எனக்குக் காட்டிய அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எழுதுவதற்கு அவரிடம் கேட்டுவிட்டேன். குலை வெட்டுகிறவர். இரண்டு மாதத்துக்கு மேல் இருமல், ராத்திரியில் பனியன் நனைகிற வேர்வை, இடுப்பில் கால்சட்டை நிற்காத அளவுக்கு இளைப்பு. சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. தினமும் கிளினிக்குக்குப் போக வேண்டும், தாதியர் முன்னால் அந்தச் செங்காவி நிற மாத்திரைகளைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அட்டையில் அன்றையக் கட்டத்தில் குறி போடுவார்கள். முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து என்னிடம் ஓடி வந்தார். மருந்தின் நிறம்தான், ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். மூன்று வாரத்தில் காய்ச்சல் விட்டது, சோறு இறங்கியது, முகத்தில் கொஞ்சம் சதை வந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் அறிவிப்பு வந்தது.

அவருடைய காலைப் பொழுதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் பெரட்டு என்கிற ஆள்கணக்கு. மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிட்டு ஆளுக்கு நிரை பிரித்துவிடுகிறார். கிளினிக் கதவு திறப்பது 8 மணிக்கு. வேன் இருந்தபோது போய், மாத்திரை போட்டு, 9 மணிக்கெல்லாம் காட்டுக்குத் திரும்பிவிடுவார். இப்போது வேன் இல்லை, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒருவரைக் கெஞ்ச வேண்டும். மாத்திரை விழுங்க வருகிறவருக்கு கிளினிக்கில் எம்சி தர மாட்டார்கள், தரவும் கூடாது, அவர் வேலை செய்யக்கூடிய நிலையில்தான் இருக்கிறார். கொடுப்பது டைம் சிலிப், இன்ன நேரத்தில் கிளினிக்குக்கு வந்து போனார் என்ற சீட்டு. அதை நீங்கள் ஏற்பதில்லை என்று எழுதிவிட்டீர்கள்.

கணக்குப் போடுவோம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிச் சொச்சம். முதல் இரண்டு மாதம் தினசரி மருந்து. தினமும் அரை நாள் பிடித்தால் இரண்டு மாதத்தில் ஒரு முழு மாதச் சம்பளம் போய்விடும். எடைக்கணக்கில் காசு வாங்குகிறவருக்கு வெயில் ஏறுவதற்கு முன் வெட்டும் அந்த நல்ல மணி நேரமும் சேர்ந்து போகும். அதற்கப்புறம் இன்னும் நான்கு மாதச் சிகிச்சை மிச்சம் இருக்கிறது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மூன்று பிள்ளைகள். நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் குறைந்துவிட்டது, உடம்பு தேறிவிட்ட மாதிரி இருக்கிறது. அவர் மருந்தை நிறுத்தினார். பேசிப் பேசித்தான் திரும்ப அனுப்ப முடிந்தது. இன்னும் எத்தனை நாள் போவார் என்று எனக்கு உறுதியில்லை.

டிபியில் ஆபத்தான கட்டமே இதுதான். முதல் சில வாரத்தில் வேகமாகப் பெருகுகிற கிருமிகள் சாகின்றன, ஆள் தெளிவாகிவிடுகிறார். மெதுவாக வளர்கிற, உறங்குகிற கிருமிகள் நுரையீரலுக்குள் அப்படியே இருக்கின்றன. அவற்றை முடிக்கத்தான் ஆறு மாதம். நடுவில் விட்டு, திரும்பப் பிடித்து, மறுபடி விட்டு என்று போனால், மருந்தைத் தாங்கப் பழகிய கிருமிகள்தான் தங்கும். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்ற இரண்டு முக்கிய மருந்துகளும் வேலை செய்யாத டிபி அப்படியும் உருவாகிறது. அப்புறம் அதை இருமுகிறவரிடமிருந்து பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கு நேராகவே அந்தக் கிருமி போகும், அவர் ஒரு வேளை மருந்தைக்கூடத் தவறவிட்டிருக்க வேண்டியதில்லை.

நுகுஸில் நான் பார்த்தது அதைத்தான். அங்கே ஒரு தம்பி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதலில் அவருக்கு வந்தது சாதாரண டிபிதான். மருந்து ஆரம்பித்து உடம்பு தேறியதும் கஜகஸ்தானுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார், ஏனென்றால் வீட்டில் கடன், தங்கைக்குக் கல்யாணம். திரும்பி வந்து கொஞ்ச நாள் மருந்து, மறுபடி வேலைக்கு. எங்களிடம் வந்தபோது நான்கு மருந்துக்கு அடங்காத டிபி. நான் போன புதிதில் அதற்கான சிகிச்சை 20 மாதம் வரை இழுக்கும். ஒரு நாளைக்குக் கைநிறைய மாத்திரை, அதோடு மாதக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசி கிருமியைக் கொல்லும், சிலருக்குக் காதையும் கொல்லும். ஒரு நாள் அவருடைய அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார், ரொட்டி வேண்டுமா என்று. அவர் அம்மாவின் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினார். மொழிபெயர்ப்பாளர் எனக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன செவிப்புலன் திரும்ப வரவில்லை, டிபி மட்டும் போனது.

இப்போது காலம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நுகுஸிலேயே 2017-ல் தொடங்கி, பெலாரஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் சேர்த்து நடந்த டிபி-பிராக்டிகல் ஆய்வில், பெடாக்குயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நான்கு மாத்திரைகளை ஆறே மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசியே இல்லை. 2022-ல் முடிவு வெளிவந்தபோது புதிய முறையில் 89 சதவீதம் பேருக்கு நல்ல பலன், பழைய முறையில் 52 சதவீதம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. எங்கள் வார்டில் அந்த மருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் அந்த மருந்துகளுக்கும் கிருமி பழகும், ஏற்கெனவே சில இடங்களில் பழகத் தொடங்கிவிட்டது. புது மருந்து இருக்கிறதே என்று யாரும் அசட்டையாக இருக்க முடியாது.

அங்கே கற்றுக்கொண்டதில் எனக்குப் பெரிதாகப் படுவது மருந்தைப் பற்றியதுகூட இல்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களிடம் ஏன் விட்டீர்கள் என்று உட்கார்ந்து கேட்டால், பிடிவாதம், அறியாமை என்று நாம் வெளியே இருந்து சொல்கிற காரணங்கள் ரொம்பக் குறைவாகத்தான் வந்தன. சம்பளம், கடன், பஸ் காசு, வேலை போய்விடும் என்ற பயம், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கம், வெறும் வயிற்றில் மருந்து போட்டால் வருகிற குமட்டல். அதனால் நோயாளியை மிரட்டுவதை விட்டுவிட்டு இந்தத் தடைகளை எடுப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல் முதல் நாளிலிருந்தே வீட்டில் வைத்து மருந்து கொடுத்தோம், போக்குவரத்துக் காசு கொடுத்தோம், மளிகைப் பொட்டலம் கொடுத்தோம், வர முடியாதவரின் வாசலுக்கு நர்ஸ் மாத்திரையோடு போனார். இங்கே நீங்கள் செய்திருப்பது இதற்கு நேர் எதிர். இருந்த வேனையும் நிறுத்திவிட்டீர்கள்.

அடுத்தது, லயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற வரி. இதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டிபி வந்தவரை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது எந்த ஊர் தெரியுமா? மதராஸ். 1956-ல் அங்கே சேத்துப்பட்டில் ஒரு டிபி ஆய்வு மையம் தொடங்கி, நெருக்கடியான சின்ன வீடுகளில், சத்தில்லாத சாப்பாட்டில் இருந்த ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியம் என்கிற டிபி ஆஸ்பத்திரியில் வைத்தும் மீதிப் பேரை வீட்டில் விட்டும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வந்த முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. நம் பாட்டன் பூட்டன் வந்த அதே மண்ணில், அதே மாதிரி ஏழைகள் நிரூபித்துக் கொடுத்த விஷயம் இது. அதற்குப் பிறகும் ஒரு தோட்டம் நோயாளியை வெளியே போ என்கிறது என்றால் என்ன சொல்ல.

தொற்று எப்போது நடக்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். மருந்து ஆரம்பிக்கும் முன்பு, நோய் என்றே தெரியாமல் இருமிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் பெரும்பாலும் பரவுகிறது. சரியான மருந்து தொடங்கியதும் தொற்றும் வேகம் சீக்கிரமே குறைந்துவிடும். மருந்து சாப்பிடுகிற அந்த அண்ணனைத் துரத்துவதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. அவரோடு ஏற்கெனவே இருந்தவர்களைப் பரிசோதிப்பதால் கிடைக்கும். துரத்துவீர்கள் என்று தெரிந்தால் அடுத்து இருமுகிறவர் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பார், கிளினிக் பக்கமே போக மாட்டார். அவர்தான் உண்மையில் பரப்பப் போகிறவர்.

கொங்சியில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியர்களும் ஏற்கெனவே அந்தப் பயத்தில்தான் இருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான பொமேமா மருத்துவச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் தலையில் நிற்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் வயிற்று வலி என்று வந்த ஒரு பையனைப் பார்க்க நானே கொங்சிக்குப் போனேன். ஒரு அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள் இடைவெளி இல்லாமல், துணி காயப்போட்ட கயிறு குறுக்கே, ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை அட்டை வைத்து மூடி டேப் ஒட்டியிருந்தார்கள், கொசுவுக்காகவாம். டிபிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. தொழிலாளர் தங்குமிடச் சட்டம், அந்த 446-வது சட்டம், 2020-ல் இறுக்கப்பட்டபோது ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு காற்றோட்டம் என்றெல்லாம் வந்துவிட்டது. காகிதத்தில் அல்ல, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது எங்கோ ஒழிந்துபோன நோய் என்ற நினைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது. 1961-லிருந்து தேசிய டிபி ஒழிப்புத் திட்டம் நடக்கிற நாடு இது, பிறந்ததும் டிபிக்கு எதிரான பிசிஜி தடுப்பூசி போடுகிற நாடு. அப்படியும் இப்போது ஆண்டுக்கு 25 ஆயிரத்துக்கு மேல் புது நோயாளிகள், 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட சாவுகள். பிசிஜி குழந்தைகளைத்தான் மோசமான டிபியிலிருந்து காக்கும், குலை வெட்டுகிற நாற்பது வயது மனிதரின் நுரையீரலுக்கு அதை நம்ப முடியாது.

சட்டப்படி நாங்கள் எதுவும் தவறாகச் செய்யவில்லை என்று நீங்கள் பதில் சொல்லலாம். வேலைச் சட்டத்தில் ஆண்டுக்கு 14, 18, 22 நாள் என்று சர்வீஸைப் பொறுத்து எம்சி விடுப்பு இருக்கிறது, ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் போய் மாத்திரை விழுங்கிவிட்டு வருகிறவர் இந்த இரண்டுக்குள்ளும் அடங்க மாட்டார். அதே சமயம், அரசாங்க ஊழியருக்கு டிபி வந்தால் அதற்கென்றே தனிச் சிறப்பு விடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இந்த நோய் நீண்ட நாள் சிகிச்சை கேட்கும் என்று புரிந்துகொண்ட நாட்டில், வெயிலில் குலை தூக்குகிறவருக்கும் அது புரிந்துகொள்ளப்பட வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு நிர்வாகி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் நடக்கிற விஷயம்.

ஒரு காலத்தில் இந்தத் தோட்டத்தில் டிரெசர், அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர், இருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி, காலையில் பெரட்டு முடிந்ததும் கதவைத் திறந்து வைத்திருப்பார். யார் வீட்டில் யாருக்கு இருமல் என்று அவருக்குத் தெரியும். அவர் ஓய்வுபெற்ற பிறகு ஆள் போடவில்லை, கட்டடத்தில் இப்போது உர மூட்டை அடுக்கியிருக்கிறீர்கள். அந்த அறை ஒன்று திறந்திருந்தால் இந்த அறிவிப்புக்கே தேவை வந்திருக்காது.

சரி, என்ன கேட்கிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த அறிவிப்பை எடுங்கள். எடுத்துவிட்டோம் என்று வாய்ச்சொல்லாக மண்டோர் மூலம் சொன்னால் போதாது, அதே பலகையில், மலாயிலும் தமிழிலும், வங்காளத்திலும் இந்தோனேசிய மொழியிலும்கூட, டிபி மருந்துக்காகக் கிளினிக் போகிறவரின் டைம் சிலிப் ஏற்கப்படும், சம்பளம் பிடிக்கப்படாது, வேலையும் வீடும் போகாது என்று எழுதி ஒட்டுங்கள். இதுவரை பிடித்த காசை அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கொடுங்கள்.

வேனை மறுபடி ஓட்டுங்கள். அதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. அந்தப் பழைய ஆஸ்பத்திரி அறையில் ஒன்றைக் காலி செய்து கொடுங்கள். மருந்து சாப்பிடுவதைப் பார்த்துக் குறிக்கிற பொறுப்பை, கிளினிக்கின் சம்மதத்தோடு, பயிற்சி பெற்ற ஒருவர் வெளியிலும் செய்யலாம். பெரட்டுக்கு முன்னால் அந்த அறையில் மாத்திரை கொடுத்தால் ஒருவரும் ஒரு மணி நேரம்கூட வேலையை விட வேண்டாம். அதற்கு ஆள் கிடைக்கும்வரை நானே காலையில் வருகிறேன், கிளினிக்கோடு பேசி ஏற்பாடு செய்வதும் என் பொறுப்பு. சம்பளம் வேண்டாம்.

அந்த அண்ணனோடு ஒரே வீட்டிலும் ஒரே வேலைக் கும்பலிலும் இருந்தவர்கள் எல்லோரும் பரிசோதனைக்குப் போக ஒரு நாள் சம்பளத்தோடு விடுங்கள். யாருக்கு நோய் இருந்தாலும் அவரை ஊருக்கு அனுப்பும் முன் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று கம்பெனி தன் தரப்பில் எழுத்து மூலம் உறுதி கொடுக்க வேண்டும். கொங்சி ஜன்னல்களைத் திறந்து, கொசுவலை அடித்துக் கொடுங்கள், கட்டில்களைக் குறையுங்கள்.

மருந்து சாப்பிடுகிற குடும்பங்களுக்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும் கொடுங்கள். இதைத் தர்மமாகக் கேட்கவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ராஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு உங்கள் கணக்குப் புத்தகத்தில் தெரியவே தெரியாது.

கடைசியாக, டிரெசர் வேலைக்கு மறுபடி ஆள் எடுங்கள். இதற்கு நாளாகும், தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இயக்குநர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அறிவிப்பை எடுப்பதற்கும் சம்பளத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அடுத்த சம்பளத்துக்கு முன்னால் இந்த இரண்டும் நடக்க வேண்டும். நடக்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்களின் சம்மதத்தோடு, சம்பளச் சீட்டுகளையும் டைம் சிலிப்புகளையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்கும் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் போவேன். அதற்கு முன் நேரில் பேச வேண்டும் என்றால் பெரட்டு முடிந்த நேரத்தில் எந்த நாளும் ஆபீஸுக்கு வரத் தயார். பதிலை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒரு டாக்டர்